ஷார்ஜாவில் 11 வருடம், திருச்சியில் 9 மாதம்: ஊர் திரும்பியவரின் வேலை தேடல் பற்றிய நிகழ்வு ஆய்வு

என் நண்பர் ஒருவருக்கு நடந்ததை அவருடைய அனுமதியோடு எழுதுகிறேன். அவர் பெயரோ, அவர் வேலை பார்த்த நிறுவனங்களின் பெயரோ வராது. நாங்கள் இருவரும் ஒரே பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தோம். அவர் அமீரகம் போனார், நான் சென்னையில் கட்டடப் பராமரிப்புத் துறைக்கு வந்தேன். ஆள் எடுக்கும் நேர்காணல்களில் உட்காருவதும் என் வேலையில் ஒரு பகுதி. வளைகுடாவிலிருந்து திரும்புகிறவர்களின் ரெஸ்யூமேக்களை நிறையவே பார்த்திருக்கிறேன். அப்படியிருந்தும் இவர் விஷயத்தில் முதலில் நான் சொன்ன யோசனை தவறாகப் போனது. அதையும் சேர்த்தே எழுதுகிறேன், ஏனென்றால் இன்றும் பலர் அதே யோசனையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

பின்னணி

2023-ல் நண்பருக்கு வயது 38. துவாக்குடியில் பெல் (பி.எச்.இ.எல்.) தொழிற்சாலைக்கு ஃபேப்ரிகேஷன் செய்து கொடுக்கும் ஒரு பட்டறையில் ஆரம்பித்தார், அப்புறம் திருச்சியிலேயே ஏ.சி. சர்வீஸ், 2012 ஜூனில் ஷார்ஜா. முதல் நான்கு வருடம் அடுக்குமாடிக் கட்டடங்களில் ஏ.சி. மெக்கானிக். 2016-ல் அதே நிறுவனம் அவரை டிஸ்ட்ரிக்ட் கூலிங் பிளான்ட்டுக்கு மாற்றியது. ஒரு வட்டாரத்தில் உள்ள அத்தனை கட்டடங்களுக்கும் ஒரே இடத்தில் தண்ணீரைக் குளிரவைத்து, பூமிக்கடியில் குழாய் வழியாக அனுப்புகிற ஏற்பாடு அது. நான்கைந்து டிகிரியில் புறப்படும் தண்ணீர், கட்டடங்களின் சூட்டை வாங்கிக்கொண்டு பதின்மூன்று, பதினான்கு டிகிரியில் திரும்பி வரும். வீட்டு ஏ.சி. ஒன்றரை டன் என்றால் அவர் பார்த்த பிளான்ட் 20,000 டன். 2019-லிருந்து அங்கே ஷிப்ட் இன்சார்ஜ், அவருக்குக் கீழே ஆறு பேர்.

விசாவில் மட்டும் கடைசிவரை 'ஏ.சி. மெக்கானிக்' என்றே இருந்தது. வளைகுடாவில் இருந்தவர்களுக்கு இது புதிதில்லை. விசாவில் ஒரு தொழில் இருக்கும், செய்கிற வேலை வேறாக இருக்கும், சம்பளம் ஒழுங்காக வந்தால் யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை.

சம்பளம் 7,200 திர்ஹாம், அதில் பேசிக் (அடிப்படைச் சம்பளம்) 4,200. தங்குவது கம்பெனி ரூமில் நான்கு பேரோடு. மனைவி, எட்டாவது படிக்கிற மகள், ஐந்தாவது படிக்கிற மகன், அப்பா, அம்மா எல்லோரும் திருச்சியில். மாதம் ஏறக்குறைய ஒரு லட்சத்துப் பத்தாயிரம் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

2022 அக்டோபரில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. அவசர விடுப்பில் 12 நாள் வந்துவிட்டுத் திரும்பிப் போனார். அப்பாவைத் தூக்கி உட்கார வைக்க அம்மாவும் மனைவியும் படுகிற பாட்டை வீடியோ காலில் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் இங்கே இருப்பது என்று என்னிடம் கேட்டபோது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

முடிவெடுத்த விதம்

2023 ஜனவரியில் போன் செய்தார். "மச்சான், வந்துடலாம்னு இருக்கேன்டா. அங்க வேலை கிடைக்குமா?"

"உன் எக்ஸ்பீரியன்ஸுக்கு என்னடா, முதல்ல வா, பாத்துக்கலாம்" என்றேன்.

இதுதான் என் தவறு. நல்ல மனசோடுதான் சொன்னேன், ஆனால் அவர் மார்ச்சில் ராஜினாமா கொடுத்ததும், கையில் எந்தத் தயாரிப்பும் இல்லாமல் மே கடைசியில் விமானம் ஏறியதும் அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான். இடையில் நான்கு மாதம் இருந்தது. அந்த நான்கு மாதத்தில் அங்கே உட்கார்ந்தபடியே முடித்திருக்க வேண்டிய பல வேலைகளை, விசா ரத்தான பிறகு இங்கிருந்து முட்டி மோதித்தான் செய்ய வேண்டியிருந்தது.

பணிக்கொடை சரியாகவே வந்தது. அமீரகக் கணக்குப்படி முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் 21 நாள் பேசிக், அதற்குமேல் ஒவ்வொரு வருடத்துக்கும் 30 நாள். இவருக்கு மொத்தம் 285 நாள், நாளுக்கு 140 திர்ஹாம் வீதம் 39,900 திர்ஹாம். அப்போதைய மதிப்பில் ஒன்பது லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. முழுச் சம்பளத்தில் கணக்குப் போட்டு வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும், பணிக்கொடைக்கு எடுத்துக்கொள்வது பேசிக் மட்டும்தான். அதில் ஐந்து லட்சம் வீட்டுக் கடனை அடைக்கப் போனது, ஒன்றரை லட்சம் அப்பாவின் சிகிச்சைக்கு. மிச்சம் இரண்டரை லட்சம், ஏற்கெனவே வங்கியில் இருந்த டெபாசிட் மூன்று லட்சம். ஆக, ஐந்தரை லட்சத்தோடு தேடல் ஆரம்பித்தது.

கையோடு கொண்டுவந்த அனுபவச் சான்றிதழில் இரண்டே வரி: இன்னார் ஜூன் 2012 முதல் மே 2023 வரை எங்களிடம் ஏ.சி. மெக்கானிக்காகப் பணிபுரிந்தார். விமானத்துக்கு முந்தைய நாள் வாங்கியது. அதைப் படித்துப் பார்க்க அவருக்கு நேரமில்லை, கேட்டு வாங்கிப் பார்க்க எனக்கும் தோன்றவில்லை.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை

நௌக்ரி, லிங்க்ட்இன் ஆகிய வேலை தேடும் போர்ட்டல்களில் நாற்பதுக்கு மேல் விண்ணப்பம் போட்டார். வந்த அழைப்புகள் மூன்று. மூன்றுமே இரண்டு நிமிடத்தில் முடிந்தன, மூன்றும் ஒரே இடத்தில், சி.டி.சி. எனப்படும் மொத்தச் சம்பளம் பற்றிய கேள்வியில், முடிந்தன.

"கரன்ட் சி.டி.சி. எவ்வளவு சார்?"

"மாசம் ஒரு லட்சத்து அறுபத்திரண்டாயிரம்."

"எக்ஸ்பெக்டேஷன்?"

"ஒரு லட்சம் கொடுத்தா போதும்."

அறுபதாயிரம் விட்டுக்கொடுத்ததாக அவர் நினைத்தார். எதிரில் இருந்தவர் நிரப்ப வேண்டிய இடமோ முப்பதிலிருந்து முப்பத்தைந்தாயிரம் சம்பளமுள்ள பராமரிப்பு மேற்பார்வையாளர் வேலை. மேற்கொண்டு பேச அங்கே எதுவுமே இல்லை.

ஆகஸ்டில் ஒரு கன்சல்டன்சி, சென்னையில் வேலை உறுதி என்று சொல்லி 15,000 ரூபாய் 'திருப்பித் தரத்தக்க' கட்டணமாக வாங்கியது. அதன்பின் அவர்கள் போன் எடுக்கவில்லை, அந்தப் பணம் இன்றுவரை திரும்பவில்லை. ஒழுங்கான ஏஜென்சி ஆள் கேட்கும் கம்பெனியிடம்தான் காசு வாங்கும். வேலை தேடுகிறவரிடம் பதிவுக் கட்டணம் என்றோ டெபாசிட் என்றோ கேட்டால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிட வேண்டும்.

இதைவிட அவரை அதிகம் வதைத்தது வேறு. தெருவில், கல்யாண வீட்டில், பால் வாங்கப் போன இடத்தில் எல்லாம் "லீவு எப்ப முடியுது தம்பி?" என்ற கேள்வி. ஜூலைக்குப் பிறகு விசேஷங்களுக்கு மனைவியை மட்டும் அனுப்ப ஆரம்பித்தார். பழைய கம்பெனியிலிருந்து திரும்ப வருகிறாயா என்று செய்தி வந்தபோது ஒரு வாரம் அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தார். கடைசியில் மறுத்ததற்கு ஒரே காரணம், அப்பா அப்போதுதான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடக்க ஆரம்பித்திருந்தார்.

செப்டம்பர்: உட்கார்ந்து பார்த்தபோது தெரிந்தவை

விநாயகர் சதுர்த்தி விடுமுறையில் திருச்சி போய் இரண்டு நாள் அவர் வீட்டிலேயே தங்கினேன். முதலில் ரெஸ்யூமேவைக் கேட்டு வாங்கிப் படித்தேன். நான்கு பக்கம். பாஸ்போர்ட் எண், மதம், தகப்பனார் பெயர் எல்லாம் இருந்தன. ஸ்ப்ளிட் ஏ.சி., விண்டோ ஏ.சி., டக்டபிள் என்று ஒன்றரைப் பக்கப் பட்டியல். டிஸ்ட்ரிக்ட் கூலிங் மூன்றாவது பக்கத்தில் ஒரு வரியாக வந்தது. ஒரு பதவிக்கு ஐம்பது, அறுபது ரெஸ்யூமே பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், நானே அந்த மூன்றாவது பக்கத்துக்குப் போயிருக்க மாட்டேன்.

அடுத்தது, போர்ட்டலில் இருந்த தொலைபேசி எண் இன்னும் அமீரக எண். இருப்பிடம் ஷார்ஜா. சென்னையில் ஆள் தேடுகிறவர் சென்னை என்றோ தமிழ்நாடு என்றோ வடிகட்டித்தான் தேடுவார், அந்த வடிகட்டலில் இவர் பெயர் வரவே வராது. நோட்டீஸ் பீரியட் (ராஜினாமா கொடுத்த பிறகும் வேலை பார்க்க வேண்டிய காலம்) என்ற கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார். இங்கே பாதிப் பேர் இரண்டு மாதம், மூன்று மாதம் நோட்டீஸில் மாட்டிக்கொண்டிருக்கும்போது 'உடனே சேரலாம்' என்பது எவ்வளவு பெரிய பலம் என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

இவையெல்லாம் ஒரு மணி நேரத்தில் சரிசெய்யக்கூடியவை, சரிசெய்தோம். உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. ஏ.சி. தெரிந்தவர் என்று அவர் தன்னை நினைத்துக்கொண்டிருந்தார். திருச்சியில் ஏ.சி. தெரிந்தவருக்கு உள்ள சந்தை விலைதான் அவருக்கும் கிடைக்கும். ஏழு வருடமாக அவர் செய்தது என்ன என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதச் சொன்னேன். 24 மணி நேரமும் நிற்கக் கூடாத குளிர்நீர் பிளான்ட், மாற்று சில்லர் (தண்ணீரைக் குளிரவைக்கும் இயந்திரம்), மாற்று பம்ப், பி.எம்.எஸ். எனப்படும் கட்டட மேலாண்மை கம்ப்யூட்டர் திரையில் கண்காணிப்பு, ஷிப்ட் ஒப்படைப்புப் பதிவேடு, இரவு இரண்டு மணிக்கு ஏதாவது விழுந்தால் என்ன செய்வது என்று எழுதி ஒட்டியிருக்கும் நடைமுறை. இதைப் படித்துக்கொண்டே வந்தபோதுதான் எனக்கே உறைத்தது, டேட்டா சென்டர்காரர்கள், அதாவது சர்வர் என்கிற பெரிய கம்ப்யூட்டர்களை ஒரே இடத்தில் வைத்து ஓட்டுகிறவர்கள், தேடுகிற ஆள் இவர்.

கடலடி கேபிள்கள் கரையேறும் ஊர் என்பதால் சென்னையில் டேட்டா சென்டர்கள் பெருகிக்கொண்டே வருகின்றன, அம்பத்தூர், சிறுசேரி பக்கம் போனால் கண்ணாலேயே பார்க்கலாம். சர்வர்கள் ஓடும் அறைக்குக் குளிர் நின்றால் சில நிமிடங்களில் எல்லாம் நின்றுவிடும், அதனால் பெரிய சில்லர் பிளான்ட்டை ராத்திரி பகலாக ஓட்டிப் பழகியவருக்கு அங்கே மதிப்பு உண்டு. அவருக்குத் தெரியாதது அந்தத் துறையின் பேச்சு மட்டும்தான். அதற்கு மூன்று வாரம் ஒதுக்கினோம். சர்வருக்குள் போகும் காற்று 18 முதல் 27 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்ற ஆஷ்ரே (அமெரிக்க ஏ.சி. பொறியாளர் சங்கம்) பரிந்துரை, மொத்த மின்சாரத்தைச் சர்வர்கள் தின்னும் மின்சாரத்தால் வகுத்துப் பார்க்கும் பி.யூ.இ. கணக்கு, கரண்ட் போனால் யு.பி.எஸ்., டீசல் ஜெனரேட்டர் எந்த வரிசையில் சுமையை எடுத்துக்கொள்ளும் என்பது. தினமும் காலையில் அப்பாவுக்குப் பயிற்சி கொடுத்து முடித்த பிறகு இரண்டு மணி நேரம் படித்தார்.

சம்பளக் கேள்விக்கு விடை அவர் மனைவியிடம் இருந்தது. பதினோரு வருடமாகக் குடும்பக் கணக்கை நோட்டில் எழுதி வருகிறவர். நாங்கள் திர்ஹாமை ரூபாயாக்கிப் பேசிக்கொண்டிருந்தபோது உள்ளே போய் அந்த நோட்டைக் கொண்டுவந்து வைத்தார். "அண்ணா, இங்க மாசத்துக்கு என்ன ஆகுதோ அதை வச்சு கேக்கச் சொல்லுங்க." மளிகை, காய்கறி 13,000, மருந்தும் பிசியோதெரபியும் 11,000, பள்ளிக் கட்டணம் மாதக் கணக்கில் 9,000, சீட்டும் இன்சூரன்ஸும் 7,000, பால், கேஸ், கரண்ட் 5,000, பெட்ரோல் 3,000, இதர செலவு 4,000. மொத்தம் 52,000. சென்னையில் தனியாகத் தங்கினால் கூடுதலாகப் பத்தாயிரம். அந்த நிமிடத்திலிருந்து 1,62,000 என்ற எண்ணை விட்டுவிட்டோம். கேட்கவேண்டியது வருடத்துக்கு ஒன்பது முதல் பத்து லட்சம் சி.டி.சி. என்று முடிவானது. பழைய சம்பளத்தைக் கேட்டால் மறைக்காமல் சொல்வது, வரியில்லாத வெளிநாட்டுச் சம்பளம் என்பதையும் இங்குள்ள அளவு தனக்குத் தெரியும் என்பதையும் அதே மூச்சில் சொல்வது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை

இரண்டு பக்க ரெஸ்யூமே. முதல் வரி: 20,000 டன் குளிர்நீர் பிளான்ட்டின் ஷிப்ட் பொறுப்பாளர், உடனே சேரலாம், சென்னை அல்லது திருச்சி. இந்த முறை பன்னிரண்டு இடத்துக்கு மட்டும் அனுப்பினார், ஐந்து இடத்திலிருந்து அழைப்பு வந்தது. இரண்டு இடத்தில் பி.இ. இல்லை என்று விலக்கினார்கள், அது நடக்கும், டிப்ளமோகாரர்கள் இதை எதிர்பார்த்தே போக வேண்டும்.

நவம்பரில் திருச்சியிலேயே ஒரு மருத்துவமனை 32,000 சம்பளத்துக்கு உடனே வரச் சொன்னது. கையிருப்பு குறைந்துகொண்டிருந்தது, வீட்டுக்குப் பக்கத்திலேயே வேலை, எடுத்துக்கொள் என்றேன். அவர் மறுத்தார். "ஒரு தடவை முப்பத்திரண்டுன்னு பதிவாயிடுச்சுன்னா, அடுத்த கம்பெனி அதுக்கு மேல முப்பது பர்சென்ட்தான்டா கணக்கு போடுவான்" என்றார். எனக்கு அப்போது அது வீம்பாகப் பட்டது. இன்று யோசித்தால் அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கையில் இன்னும் நான்கு மாதச் செலவுக்குப் பணம் இருந்ததால்தான் அப்படிச் சொல்ல முடிந்தது, வீட்டுக் கடனும் ஏற்கெனவே அடைந்திருந்தது. அந்த இரண்டும் இல்லாதவருக்கு நான் இப்போதும் மருத்துவமனை வேலையை எடுத்துக்கொள்ளச் சொல்வேன்.

சென்னையில் ஒரு டேட்டா சென்டரின் நேர்காணல் டிசம்பர் 5 என்று குறித்திருந்தார்கள். 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழையில் சென்னை மூழ்கியது, ரயில்கள் ரத்தாகின, நேர்காணல் இரண்டு வாரம் தள்ளிப்போனது. போனபோது பேச்சே புயலில்தான் ஆரம்பித்ததாம்: வெளியே முட்டளவு தண்ணீர், அடுத்த ஷிப்ட் ஆட்கள் வர முடியவில்லை, நீங்கள் பொறுப்பில் இருந்தால் என்ன செய்வீர்கள்? அவர் பாடப் பதில் எதுவும் சொல்லவில்லை. ஷார்ஜாவில் ஒரு ஆகஸ்ட் இரவு கண்டன்சர் பம்ப் (சில்லரின் சூட்டை வெளியேற்றும் தண்ணீரை ஓட்டுவது) விழுந்து, அதோடு ஒரு சில்லரும் நின்றதைச் சொன்னார். மாற்று பம்ப் தானாக எடுக்கவில்லை, முதலில் கையால் எடுக்க வைத்தது, நின்ற சில்லரைத் தனிமைப்படுத்தி மாற்று சில்லரை ஏற்றியது, பிறகுதான் காரணத்தைத் தேடியது, காலை ஷிப்டில் இரண்டு பேர் வராததால் பதினாறு மணி நேரம் நின்றது, யாருக்கு எத்தனை மணிக்குத் தகவல் சொன்னார் என்பது உட்பட. கேட்டவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டார்களாம். "ஏன் திரும்பி வந்தீங்க?" என்ற கேள்விக்கு, அப்பாவுக்கு முடியவில்லை, இனிப் போகிற எண்ணம் இல்லை என்று உள்ளதைச் சொன்னார். நேர்காணலில் உட்காருகிறவர்களுக்கு இந்தக் கேள்வியில் இருக்கும் ஒரே பயம், இவர் ஆறு மாதத்தில் மறுபடி விமானம் ஏறிவிடுவாரோ என்பதுதான்.

ஜனவரி, பிப்ரவரி: கையில் வந்தது கைநழுவப் பார்த்த இடம்

2024 ஜனவரி இரண்டாவது வாரம் ஆஃபர் வந்தது. மூன்றாவது வாரம் பின்னணிச் சரிபார்ப்பில் நின்றது. சரிபார்க்கும் நிறுவனம் ஷார்ஜாவுக்கு மெயில் போட, அங்குள்ள எச்.ஆர். ஆவணத்தில் உள்ளபடி 'ஏ.சி. மெக்கானிக்' என்று பதில் அனுப்பிவிட்டார். ரெஸ்யூமேவில் ஷிப்ட் இன்சார்ஜ். பொய் சொன்னதாகத்தான் அது தெரியும்.

மூன்று வாரம் வீட்டில் யாருமே சரியாகத் தூங்கவில்லை. பழைய பிளான்ட் மேனேஜர், ஒரு மலையாளி, இரண்டு முறை கேட்டதும் கம்பெனி மெயிலிலிருந்தே, விசா தொழில் வேறு, 2019 முதல் இவர் ஷிப்ட் பொறுப்பில் இருந்தது உண்மை என்று தேதிகளோடு எழுதிக் கொடுத்தார். பயிற்சிச் சான்றிதழ்கள் இரண்டில் பதவி சரியாக இருந்தது, அவையும் உதவின. சம்பளச் சீட்டு கேட்டார்கள், அந்தக் கம்பெனியில் கொடுக்கும் வழக்கமே இல்லை. வங்கிக் கணக்கையும் விசா ரத்துக்கு முன்பே மூடியிருந்தார். பழைய மெயிலில் மாதாமாதம் வந்த ஸ்டேட்மென்ட்கள் அழியாமல் இருந்தது பெரிய அதிர்ஷ்டம். பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். எண் (வேலை மாறினாலும் மாறாத எண்) கேட்டார்கள், அந்த எண்ணே 2014-ல்தான் வந்தது, இவர் 2012-லேயே போனவர். புதிதாக எடுத்துக்கொடுத்தார்கள். சம்பளக் கணக்குக்குப் போனபோதுதான், வந்து எட்டு மாதமாகியும் வெளிநாட்டில் வாழும் இந்தியர்களுக்கான என்.ஆர்.இ. வங்கிக் கணக்கைச் சாதாரணக் கணக்காக மாற்றாதது வெளிப்பட்டது. ஊரோடு தங்க வந்தவுடனே செய்ய வேண்டியது அது.

விளைவு

பிப்ரவரி கடைசியில் சேர்ந்தார். சி.டி.சி. ஒன்பது லட்சம். அதில் வருட முடிவில் தரும் வேரியபிள் (ஊக்கத்தொகை), கம்பெனி பங்கு பி.எஃப்., பணிக்கொடை ஒதுக்கீடு எல்லாம் போக மாதம் கைக்கு வருவது ஏறக்குறைய 58,000. ஒன்பதைப் பன்னிரண்டால் வகுத்து 75,000 வரும் என்று நினைத்திருந்த அவருடைய அம்மாவுக்கு இதை விளக்கவே ஒரு மாலை ஆனது. சேர்ந்த அன்று கையிருப்பு எண்பதாயிரம். முதல் சில மாதம் நான்காயிரம் துண்டு விழுந்தது, ஜூனில் சீட்டு முடிந்ததும் சரியானது.

குடும்பம் திருச்சியிலேயே இருக்கிறது. மகள் பத்தாவது முடிக்கும்வரை மாற்றுவதில்லை என்று முடிவு. வார விடுப்பு இரண்டு நாளும் சேர்ந்து விழும் வாரங்களில் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் பிடித்துப் போய்வருகிறார். அப்பாவுக்காக வந்தவர் அப்பாவோடு இருப்பது மாதத்தில் ஆறேழு நாள்தான். இதை முழு வெற்றி என்று அவர் சொல்வதில்லை, நானும் சொல்ல மாட்டேன்.

மறுபடி செய்தால்

ராஜினாமாவுக்கு முன்பே, அதாவது அந்த ஜனவரியிலேயே, இந்திய எண்ணும் சென்னை இருப்பிடமும் போட்டு போர்ட்டலில் விவரத்தை ஏற்றச் சொல்வேன். அங்கே வேலையில் இருக்கும்போதே ஆன்லைன் நேர்காணல் கொடுத்தால் பேரம் பேசும் குரலே வேறு மாதிரி இருக்கும். அனுபவச் சான்றிதழில் உண்மையான பதவியும் செய்த வேலையும் வரும்வரை கையெழுத்துப் போட்டு வாங்கக் கூடாது. விசாவில் உள்ள தொழிலைத்தான் எழுதுவோம் என்று கம்பெனி சொன்னால், மேலாளரிடமிருந்து தனிக் கடிதமாவது கம்பெனி மெயிலில் வர வேண்டும். வங்கி ஸ்டேட்மென்ட் இரண்டு வருடத்துக்காவது இறக்கி வைத்த பிறகுதான் கணக்கை மூட வேண்டும். அங்கத்திய போலீஸ் நன்னடத்தைச் சான்றையும் அங்கே இருக்கும்போதே வாங்கிவிடுவது சுலபம்.

என்னைப் பொறுத்தவரை, இப்போது யாராவது "வரலாம்னு இருக்கேன்" என்றால் "வா" என்று சொல்வதற்கு முன் அவர்கள் வீட்டு மாதச் செலவையும், அந்த அனுபவச் சான்றிதழின் போட்டோவையும் அனுப்பச் சொல்கிறேன். போன மாதம் நண்பருடைய பழைய ரூம்மேட் ஒருவர், தென்காசிக்காரர், அனுப்பினார். விசாவில் பிளம்பர், செய்வது தீயணைப்பு பம்ப் பராமரிப்பு. கடிதத்தில் இன்னும் பிளம்பர் என்றே இருக்கிறது. அதை மாற்றி வாங்கிய பிறகுதான் ராஜினாமா என்று பேசி வைத்திருக்கிறோம்.